கடன் ஆலோசனைக்குப் போனால் கிரிப் கெடுமா? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அன்றைக்கு அது எனக்கு வெறும் செய்திதான். சில மாதம் கழித்து கடனட்டை ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தபோதுதான் அது என் வீட்டுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. இரண்டு கடனட்டை, ஒரு தனிநபர் கடன், செட்டியார் தெருவில் அடகு வைத்த மனைவியின் சங்கிலி. வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்டால் வழி சொல்வார் என்று மனைவி எத்தனையோ தடவை சொன்னாள். நான் போகவில்லை. கடனைக் கட்ட முடியவில்லை என்று வாய் திறந்து சொன்னாலே கிரிப்பில், அதாவது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைத்து வங்கிகளுக்குக் காட்டும் பணியகத்தில், பெயர் விழுந்துவிடும், அப்புறம் ஆயுளுக்கும் ஒரு வங்கியும் கடன் தராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயத்தில் நாலு மாதம் போனது. கடைசியில் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்: "தம்பி, நீங்கள் போன் எடுக்காவிட்டால் நாள் எண்ணிக்கை நிற்குமா?"

நிற்காது. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது, தவணை எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்ற அந்த நாள் எண்ணிக்கையைப் பற்றித்தான். ஒருவரிடம் போய்க் கடன் ஆலோசனை கேட்பது உங்கள் கிரிப் அறிக்கையில் எங்கேயும் பதிவாகாது. பதிவாவதில் முக்கியமானது மூன்று விஷயம்: எத்தனை நாள் பிந்திக் கட்டினீர்கள், ஒப்பந்தத்தை இடையில் மாற்றினீர்களா, முழுத் தொகையையும் கட்டி முடித்தீர்களா அல்லது குறைத்துப் பேசி முடித்தீர்களா. ஆலோசனையால் உங்கள் கிரிப்புக்கு நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்பது இந்த மூன்றில் எதை அது மாற்றுகிறது, எத்தனையாவது நாளில் மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம்

எங்கள் குடும்பங்களில் கனடாவிலோ லண்டனிலோ ஒருவர் இருப்பார், காசு விஷயம் என்றால் அவரிடம்தான் முதலில் கேட்போம். டொரொன்டோவில் இருக்கும் என் சித்தி மகன் "கவுன்சலிங் மட்டும் போயிடாதே, ஸ்கோர் போயிடும்" என்றான். அவன் சொன்னது அங்கே பாதி உண்மை. கனடாவில் ஆலோசனை நிறுவனம் மூலமாகக் கடன் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்தால், அந்தக் கணக்குகளுக்கு ஆர் 7 என்ற குறியீடு விழும், அதாவது சிறப்பு ஏற்பாட்டின் கீழ் கட்டிவருகிறார் என்று அர்த்தம். நேரத்துக்குக் கட்டும் ஒருவருக்கு ஆர் 1 என்று இருக்கும். ஆக அங்கே அது ஒரு இறக்கம்தான், ஆனாலும் அது திட்டத்தில் சேர்வதால் வருவது, ஆலோசனை கேட்பதால் வருவதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கடன் கொடுத்தவர் "ஆலோசனைத் திட்டத்தில் இருக்கிறார்" என்று குறிப்பு எழுதலாம், ஆனால் அங்கே ஒருவரின் கடன் தகுதியைக் காட்டும் ஃபைகோ மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது அந்தக் குறிப்பை எடுப்பதில்லை. அங்கே அடி விழுவது வேறு இடத்தில். திட்டத்தில் சேர்ந்தால் கடனட்டைகளை மூடச் சொல்வார்கள், மூடினால் மொத்த வரம்பு குறையும், வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கு ஏறும், அதனால் மதிப்பெண் இறங்கலாம். பிறகு மாதாமாதம் ஒழுங்காகக் கட்டக் கட்ட ஏறும்.

இரண்டு நாட்டுக்கு இரண்டு விதி. கொழும்பில் மூன்றாவது. ஆகவே யூடியூப்பில் பார்த்ததையும் மச்சான் சொன்னதையும் வைத்து முடிவெடுக்காமல் இங்கே உள்ளதைப் பார்ப்போம்.

முதல் படி: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

எல்லாம் என்றால் எல்லாம். வங்கிக் கடன், கடனட்டை, லீசிங், அடகு, சீட்டு, கடைக் கணக்கு, வட்டிக்கு எடுத்தது, மாமாவிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை நாள் பிந்தியிருக்கிறது, எதைப் பிணையாக வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிறகு கிரிப்புக்குப் போகும் கடன்களுக்கு ஒரு புள்ளி வையுங்கள்: வங்கி, நிதிக் கம்பனி, லீசிங். சீட்டும் கைமாற்றும் அங்கே வராது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார், சத்தம் போடுவார், அதனால் அவருக்கு முதலில் கட்டிவிட்டு வங்கித் தவணையை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுவோம். வங்கி சத்தம் போடாது, ஆனால் எழுதி வைக்கும். வீடோ காணியோ ஈடு வைத்த கடன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விட முடியும், பராட்டே என்று எல்லோரும் பயந்து சொல்வது இதைத்தான். என் கருத்தில் வீடு ஈட்டில் இருந்தால் அந்தத் தவணைதான் தாளில் முதல் வரி, மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

இரண்டாம் படி: உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுங்கள்

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதில் பங்குதாரர்கள். அலுவலகம் கோட்டையில் சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையில் இருக்கிறது. அடையாள அட்டையோடு போய் ஒரு கட்டணம் கட்டி உங்கள் அறிக்கையை வாங்கலாம், உங்கள் வங்கிக் கிளை மூலமாகவும் கேட்கலாம். சொந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஒன்றும் கெடாது, அந்தப் பயம் வேண்டாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதைத் தப்பாக நினைக்கிறார்கள். கிரிப் ஒரு கறுப்புப் பட்டியல் கிடையாது. ஒழுங்காகக் கட்டுபவர் பெயரும் அங்கே இருக்கும், கட்டாதவர் பெயரும் இருக்கும். நீங்கள் ஒரு கடனட்டை எடுத்தாலே உங்கள் பெயர் அங்கே போய்விடும். கடன் கொடு, கொடுக்காதே என்று கிரிப் யாருக்கும் சொல்வதில்லை. வங்கி அறிக்கையைப் பார்த்துத் தன் கொள்கைப்படி முடிவெடுக்கிறது, அதனால்தான் ஒரே அறிக்கைக்கு ஒரு வங்கி மாட்டேன் என்றும் இன்னொன்று சரி என்றும் சொல்வது நடக்கிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு கடனும் உண்மையிலேயே உங்களுடையதா, நிலுவை சரியா, மாதாமாதம் எத்தனை நாள் தாமதம் என்று போட்டிருக்கிறது, கணக்கில் காசில்லாமல் திரும்பிய காசோலை ஏதும் வந்திருக்கிறதா. பிழை இருந்தால் அந்தக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கிரிப்புக்கும் எழுத்தில் கொடுங்கள். கிரிப் தானாக எதையும் திருத்தாது, நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் உறுதிப்படுத்திய பிறகுதான் மாற்றும், ஆகவே பணம் கட்டிய ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

என் அறிக்கையில் எனக்கே அதிர்ச்சியாக ஒரு வரி இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பனின் முச்சக்கர வண்டி லீசிங்குக்குப் பிணை கையெழுத்துப் போட்டிருந்தேன். தேநீர் குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்து. அவன் தவணை விட்டிருக்கிறான், அந்த நிதிக் கம்பனி எனக்கு ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை, ஆனால் பிணையாளர் என்று என் அறிக்கையில் அந்தத் தாமதம் அப்படியே இருந்தது. பிணை நின்ற கடன் உங்கள் கடன் மாதிரியே நடத்தப்படும். அவர் கட்டாவிட்டால் உங்களிடம் வருவார்கள், அவர் கட்டினாலும் நீங்கள் புதிதாகக் கடன் கேட்கும்போது அந்தப் பொறுப்பையும் வங்கி கணக்கில் எடுக்கும். சொந்தக்காரர் கேட்டால் மறுக்க முடியாத ஊர் இது, தெரியும். குறைந்தது எந்தெந்தக் கடனுக்குப் பிணை நிற்கிறீர்கள் என்றாவது அந்தத் தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் போவது, எப்போது போவது

எப்போது என்பதை முதலில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். 90 நாள். ஒரு கடன் 90 நாளுக்கு மேல் பிந்தினால் வங்கி அதைச் செயற்படாக் கடனாக, அதாவது திரும்பி வருமா என்று சந்தேகமான கடனாக, வகைப்படுத்துகிறது. அதற்கு முன்னாலேயே, 30 நாள் தாண்டும்போதே, ஆபத்து கூடிய கடனாகப் பார்க்கத் தொடங்கிவிடும். 20ஆவது நாளில் போய் "அடுத்த மூன்று மாதம் கஷ்டம்" என்று சொல்பவரிடம் வங்கி பேசும் விதமும், 120ஆவது நாளில் வக்கீல் கடிதத்தோடு போகிறவரிடம் பேசும் விதமும் ஒன்றாக இருக்காது. கிரிப்பிலும் அப்படித்தான். 15 நாள் தாமதம் அடுத்தடுத்த ஒழுங்கான மாதங்களில் மங்கிவிடும், 90 நாள் தாண்டியதை அடுத்த வங்கி விரல் வைத்துக் கேட்கும். நான் போனது 90 தாண்டிய பிறகு, இன்றும் எனக்கு வருத்தம் அதுதான். தவணை கட்ட முடியாது என்று தெரிந்த மாதமே, தவறுவதற்கு முன்னாலேயே போங்கள்.

யாரிடம் என்றால், அமெரிக்கா மாதிரி இங்கே தெருவுக்குத் தெரு கடன் ஆலோசனை அலுவலகம் இல்லை. கணக்குத் தெரிந்த, உங்களிடம் எதையும் விற்க வராத ஒருவர் போதும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கணக்காளர், உங்கள் அலுவலகத்தில் நிதிப் பிரிவில் நல்ல மனுஷர் ஒருவர். அவர் உங்களோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்து, மாதம் உண்மையிலேயே எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு எண்ணுக்கு வர உதவினாலே பெரிய வேலை முடிந்துவிடும். வியாபாரக் கடன் என்றால் உங்கள் வங்கியில் கஷ்டத்தில் இருக்கும் வியாபாரங்களுக்கு உதவும் வியாபார மீட்புப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், 2024இல் மத்திய வங்கி இப்படிப் பிரிவுகள் அமைக்க வழிகாட்டல் வெளியிட்டது.

அதேநேரம் "கிரிப் கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர்களிடம் தயவுசெய்து போக வேண்டாம். உண்மையான பதிவை வெளியில் இருக்கும் ஒருவரால் அழிக்க முடியாது. முற்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், அடையாள அட்டைப் பிரதியையும் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: வங்கியிடம் என்ன கேட்பது, ஒவ்வொன்றும் கிரிப்பில் என்ன செய்யும்

வங்கிக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். சம்பளச் சிட்டை, மூன்று மாத வங்கிக் கூற்று, வருமானம் குறைந்ததற்கான ஆதாரம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு எண், இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

கடனட்டையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மூழ்குவது அங்கேதான். 2022க்குப் பிறகு கடனட்டை வட்டி 36 சதவீதம் வரை போனது, 2023 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி 28 சதவீதம் உச்சவரம்பு என்று உத்தரவு போட்டது. 28 சதவீதத்தில் 400,000 ரூபாய் நிலுவை என்றால் ஒரு மாத வட்டி மட்டும் கிட்டத்தட்ட 9,300. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 20,000 கட்டுவீர்கள், அதில் பாதிக்குக் கிட்ட வட்டிக்கே போகும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது, அது உண்மை, ஆனால் கடன் கரையாது. இதே தொகையை 18 சதவீத வட்டியில் 3 வருடத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சம்மதித்தால் மாதம் 14,500 அளவில் வரும், 36ஆவது மாதத்தில் முடிந்தும் போகும். நிலுவை பிந்துவதற்கு முன்னால் இப்படி மாற்றினால் கிரிப்புக்குப் பெரும்பாலும் நல்லதே, ஒரு பெரிய அட்டை நிலுவைக்குப் பதிலாக ஒழுங்காகக் குறையும் ஒரு கடன் தெரியும். ஒரே நிபந்தனை: அட்டையை வெட்டிப் போடாவிட்டாலும் அலுமாரியில் பூட்டி வையுங்கள். மாற்றிய பிறகு மறுபடி அட்டையில் ஏற்றினால் கடன் இரண்டாகிவிடும்.

அடுத்தது கால நீட்டிப்பு, மறுசீரமைப்பு. 10 இலட்சம் மீதி, 16 சதவீதம், இன்னும் 3 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 35,150. அதை 5 வருடமாக நீட்டினால் சுமார் 24,300. மாதம் 10,800 மூச்சு விட இடம் கிடைக்கிறது, ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 193,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். கஷ்டத்தினால் விதிமுறை மாற்றிய கடனை வங்கி தன் கணக்கில் தனியாக வகைப்படுத்த வேண்டும், ஒரே கடனைத் திரும்பத் திரும்ப மாற்றினால் வகை இன்னும் இறங்கும். ஆகவே பின்னால் வீட்டுக் கடன் கேட்டால் "ஏன் மாற்றினீர்கள்" என்ற கேள்வி வரும். வரட்டும். மாற்றிய பிறகு 24 மாதம் ஒரு நாள் பிசகாமல் கட்டிய ஒருவருக்கு அந்தக் கேள்விக்குச் சொல்லப் பதில் இருக்கிறது, கட்டாமல் விட்டவருக்கு இல்லை. ஒரு தடவை மாற்றுங்கள், உண்மையிலேயே கட்டக்கூடிய தொகைக்கு மாற்றுங்கள். வெட்கத்தில் கூடுதலாக ஒத்துக்கொண்டுவிட்டு ஆறாவது மாதம் மறுபடி போய் நிற்பதுதான் மிக மோசம்.

கொவிட் காலத்தில் கொடுத்த சலுகைக் காலம் இதிலிருந்து வேறு. அப்போது சலுகை எடுத்தவர்களின் கடன் மதிப்பெண் பாதிக்காதபடி கிரிப்புக்கு அறிக்கையிட ஒரு முறை வகுக்கும்படி மத்திய வங்கியே நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. இப்போது நீங்கள் தனியாகப் பேசி வாங்கும் சலுகைக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. "இதைக் கிரிப்புக்கு எப்படி அறிக்கையிடுவீர்கள்" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், பதிலை எழுத்தில் கேளுங்கள்.

கடைசி வழி, குறைத்துப் பேசி முடிப்பது. 5 இலட்சம் நிலுவைக்கு 3 இலட்சத்தை ஒரே தடவையில் கட்டுகிறேன், மீதியை விடுங்கள் என்பது. பழைய கடனோடு இருந்து கையில் காசு கிடைத்த ஒருவருக்கு இது நிம்மதி தரும், ஆனால் வங்கி நட்டப்பட்டுத் தள்ளுபடி செய்த கடன் என்பது நல்ல வரலாறு ஆகாது, அதே வங்கி மறுபடி கடன் தர நிறைய யோசிக்கும். வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும்.

ஐந்தாம் படி: வங்கி செவி கொடுக்காவிட்டால்

கிளையில் முடியாது என்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கேயும் சரியான பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு அழைக்கலாம். நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம், கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் முதல் கேள்வி "நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டீர்களா" என்பதுதான், திகதி முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். கடன் தள்ளுபடி அங்கே கிடைக்காது. ஆனால் தப்பான வட்டிக் கணக்கு, அறிவிக்காமல் போட்ட கட்டணம், வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தும் வசூல்காரர், இதற்கெல்லாம் அது சரியான கதவு.

ஆறாம் படி: திட்டம் ஓடும் காலத்தில்

சம்பளம் விழும் நாளுக்கு அடுத்த நாளே தவணை வெட்டப்படும்படி நிலையான கட்டளை கொடுங்கள். கணக்கில் காசு இல்லாமல் யாருக்கும் காசோலை எழுதாதீர்கள், சீட்டுக்குக்கூட வேண்டாம். இந்தக் காலத்தில் நாலு இடத்தில் புதிய கடனுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் அறிக்கையை எடுத்ததன் தடம் அங்கே தெரியும், காசுக்கு அலைகிறார் என்று படிப்பார்கள். வீட்டில் மறைக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் கட்டிய தவணைகள்தான் என்னை அடகுக் கடைக்குக் கொண்டுபோனது.

ஒரு கடன் முடிந்ததும் கட்டி முடித்ததற்கான கடிதம் வாங்குங்கள், லீசிங் என்றால் வாகனப் பத்திரத்தில் உரிமை மாற்றமும் சேர்த்து. கட்டி முடித்த மறுநாள் பழைய தாமதங்கள் மறைந்துவிடாது, ஆனால் நிலுவை பூச்சியம் என்று மாறியிருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி அறிக்கை எடுத்துப் பாருங்கள். என்னுடைய முடிந்த அட்டைக் கணக்கில் ஒரு சில்லறைத் தொகை நிலுவை என்று நின்றது, மூடும் நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் ஏறிய வட்டி. அந்தச் சில்லறைக்கும் நாள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே போய்க் கட்டி, கணக்கு மூடிய கடிதத்தை வாங்கி, கொட்டாஞ்சேனை நண்பனின் லீசிங் முடிந்த கடிதத்தின் பிரதியோடு ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.